கிணற்றுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது? அமுக்கச் சோதனையிலிருந்து வடிபரப்பைக் கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே ஒரு குழாய்க் கிணறு தோண்டினார்கள். மூன்று மணித்தியாலம் பம்ப் ஓட்டிப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 60 லீற்றர் வந்தது. தண்ணீர் மட்டம் முதலில் வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாகியது, கடைசியில் நின்றுவிட்டது போலவே தெரிந்தது. "கிணறு பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம். அடுத்த பெப்ரவரியில் பம்ப் காற்றை உறிஞ்சியது. பெண்கள் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்கே இறங்கினார்கள்.

நான் அந்த நேரம் வளைகுடாவில் எண்ணெய் வயல் வேலையில் இருந்தேன். அங்கே முதல் நாள் எத்தனை பீப்பாய் கொட்டுகிறது என்பதை மட்டும் வைத்து யாரும் ஒரு கிணற்றை நம்புவதில்லை. இந்தக் கிணறு எத்தனை ஏக்கரை வடிக்கிறது, அந்த ஏக்கருக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு விடை சொல்லும் கணக்கு, குழாய்க்குள் வருவது எண்ணெயா தண்ணீரா என்று பேதம் பார்ப்பதில்லை. 1935 இல் சார்ள்ஸ் தைஸ் நிலத்தடி நீருக்காக, வெப்பம் பரவும் கணிதத்தைக் கடன் வாங்கி ஒரு சமன்பாடு எழுதினார். எண்ணெய்ப் பொறியியலாளர்கள் கையாள்வதும் அதே குடும்பத்துக் கணிதம்தான். 1956 இல் பார்க் ஜோன்ஸ் 'தேக்க எல்லைச் சோதனை' (எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையின் எல்லையைத் தேடும் சோதனை) என்ற முறையைத் தெளிவாக்கினார். 1971 இல் ஏர்லௌகர் அதே சோதனையிலிருந்து வடிபரப்பின் உருவத்தையும் ஊகிக்க வழி காட்டினார்.

அந்த முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். முதலில் நமக்குத் தெரிந்த மலையகத்துக் குழாய்க் கிணற்றில் செய்து பார்ப்போம். பிறகு அதே கணக்கை எண்ணெய்க் கிணற்றின் எண்களோடு போடுவோம். பேராதனையில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், தோட்டத்துத் தண்ணீர்க் குழுவில் கொப்பி எழுதுகிறவர்களுக்கும் இரண்டும் வேண்டும்.

வடிபரப்பு என்பது எது

கிணற்றை இறைக்கும்போது அமுக்கக் குறைவு கிணற்றிலிருந்து வெளியே பரவிக்கொண்டு போகும், குளத்தில் கல் போட்ட அலை மாதிரி. அது எங்காவது ஓர் எல்லையில் முட்டும். எண்ணெய்த் தேக்கத்தில் அந்த எல்லை ஒரு பிளவுப் பெயர்ச்சியாக இருக்கலாம், கல் இறுகிப் போன இடமாக இருக்கலாம், பக்கத்துக் கிணறு இழுக்கத் தொடங்கும் கோடாகவும் இருக்கலாம். அந்த எல்லைக்கு உள்ளே இருப்பதுதான் அந்தக் கிணற்றின் பங்கு. மேலிருந்து பார்த்தால் அது பிடிக்கும் பரப்பே வடிபரப்பு.

நம் மலையின் அடியில் இருப்பது பழைமையான உருமாறிய பாறை: சார்னொகைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்கு. கல்லுக்குள் தண்ணீர் இல்லை. வெடிப்புகளிலும், மேலே உக்கிப்போன படையிலும்தான் இருக்கிறது. ஆகவே வடிபரப்பு வட்டமாக இருக்கும் என்று நம்பக் கூடாது, வெடிப்பு போகிற பக்கம் அதுவும் நீளும். 2014 டிசெம்பரில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு வந்தபோது, மேலே பண்டாரவளைப் பக்கத்து ஊர்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. யாரும் கிணறு என்று நினைத்துத் தோண்டாத சுரங்கம், ஒரு பெரிய கிணறு போலவே மலையை வடித்துவிட்டது. தரையில் பார்த்தால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இடங்கள், கீழே ஒரே வடிபரப்பாக இருந்தன.

ஓடும் கிணற்றில் மூன்று காலங்கள்

இதை மனத்தில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலாவது, கிணறு தன் வயிற்றில் உள்ளதைக் கொடுக்கும் காலம். பம்ப் ஓடத் தொடங்கியதும் வருவது பாறைத் தண்ணீர் அல்ல, குழாய்க்குள் ஏற்கெனவே நின்ற தண்ணீர்.

இரண்டாவது, எல்லையை இன்னும் உணராத காலம். அமுக்கக் குறைவு எல்லாப் பக்கமும் தடையின்றிப் பரவும். நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் மட்டம் ஒரே அளவு இறங்கும். 1 மணியிலிருந்து 10 மணிக்குள் 4 மீற்றர் என்றால், 10 இலிருந்து 100 மணிக்குள்ளும் 4 மீற்றர்தான். அதனால்தான் இறக்கம் நின்றுவிட்டது போலக் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் கிணற்றில் பார்த்தவர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, எல்லை முழுவதையும் தொட்ட காலம். இனிப் புதுத் தண்ணீர் எங்கிருந்தும் வராது. ஒரு தொட்டியின் அடியில் குழாயைத் திறந்துவிட்டது போல, மணிக்கு மணி ஒரே அளவு மட்டம் இறங்கிக்கொண்டே போகும். எண்ணெய்ப் பாடநூல்களில் இதற்குப் 'போலி உறுதிநிலை' என்று பெயர். வடிபரப்பு நமக்குக் கிடைப்பது இந்தக் காலத்தில் மட்டும். அதற்கு முன் சோதனையை நிறுத்தினால் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும் விடை கிடைக்காது.

முதல் படி: பம்ப்பைத் தொடும் முன்

கிணற்றைக் குறைந்தது ஒரு நாள் சும்மா விடுங்கள். அந்த ஒரு நாளும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மட்டத்தை அளந்து எழுதுங்கள். பம்ப் ஓடாமலேயே மட்டம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால், அந்தப் போக்கைப் பின்னால் கழிக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சோதனை வைக்க வேண்டாம். அட்டன், நுவரெலியாப் பக்கம் என்றால் பெப்ரவரி மார்ச்சில் வையுங்கள். ஊவாப் பக்கம் என்றால் ஜூலை, ஓகஸ்ட். தண்ணீர் குறைந்த காலத்தில் எடுத்த எண்தான் தண்ணீர் குறைந்த காலத்துக்கு உதவும்.

பக்கத்தில் எந்த ஓடை ஓடுகிறது, எந்தக் கிணற்றில் யார் எப்போது இறைக்கிறார்கள் என்று நடந்து பார்த்துக் கொப்பியில் ஒரு படம் கீறுங்கள். எண்ணெய் வயலிலும் இதே வேலைதான். பக்கத்துக் கிணறுகளை மூட முடியாவிட்டால், அவற்றின் ஓட்டத்தையாவது மாற்றாமல் வைத்திருப்பார்கள்.

இரண்டாம் படி: ஓட்டத்தை அசையாமல் பிடித்தல்

முழுக் கணக்கும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டம் மாறக் கூடாது. மட்டம் இறங்க இறங்கப் பம்ப் இன்னும் உயரத் தூக்க வேண்டும், அதனால் ஓட்டம் தானாகக் குறையும். ஆகவே தொடக்கத்திலேயே வால்வைப் பாதி மூடி வையுங்கள். மட்டம் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஈடுகட்டலாம். முழுக்கத் திறந்து தொடங்கினால் பின்னால் திறக்க ஒன்றும் இராது.

அளக்க 20 லீற்றர் வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். வாளி 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 60 லீற்றர், அதாவது மணிக்கு 3.6 கன மீற்றர். மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுங்கள். முதல் மணித்தியாலத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு மணிக்கு ஒருமுறையும் வாளி வைக்க வேண்டும்.

வெளியே வரும் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டக் கூடாது. அது மண்ணில் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே வந்துவிடும். நீளமான குழாய் போட்டுச் சரிவில் கீழே தள்ளிவிடுங்கள். பிறகு நான் ஊருக்கு வந்து இந்தச் சோதனையை நானே வைத்தபோது, இரவு ஒன்பது மணிக்கு லயத்திலிருந்து ஒரு பெரியம்மா டோர்ச்சோடு வந்து, "தம்பி, இத்தன தண்ணிய சும்மா கீழ ஊத்துறீங்களே, பாவமில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். குழாயின் வாயில் ட்ரம் வைத்து எல்லோரையும் பிடிக்கச் சொன்னேன். கிணற்றிலிருந்து அளந்து வெளியேறிய பிறகு அந்தத் தண்ணீர் குடத்துக்குப் போனாலும் ஓடைக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

மூன்றாம் படி: மட்டத்தை எழுதுதல்

நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' அடிக்கும் மின் அளவி இருந்தால் நல்லது. முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒன்று. ஒரு மணித்தியாலம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பிறகு அரை மணிக்கு ஒன்று. ஆறு மணித்தியாலத்துக்குப் பின் மணிக்கு ஒன்று. எண்ணெய்க் கிணற்றில் இதே வேலையைக் கிணற்றின் அடியில் இறக்கிய அமுக்கமானி தானாகச் செய்யும். நமக்குப் பனியில் நடுங்கிக்கொண்டு விழித்திருக்க இரண்டு பேர் வேண்டும். நாடாவில் ஒரே அடையாளத்தைக் குழாயின் ஒரே விளிம்பில் பிடிக்க வேண்டும். ஆள் மாறும்போது பிடிக்கும் இடமும் மாறி 5 சென்ரிமீற்றர் தவறு வந்தால், எல்லை தெரியும் நேரத்தில் அந்தத் தவறும் எல்லை போலவே தெரியும்.

எத்தனை மணித்தியாலம் ஓட்டுவது? 24 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. ஏன் என்று ஐந்தாம் படியில் எண்ணோடு தெரியும்.

நான்காம் படி: முதல் கோட்டை நம்பாதே

சாதாரண வரைபுத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் இறக்கத்தை (தொடக்க மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே என்பதை) நிலைக்குத்தாகவும் குறித்தால், முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஒரு நேர்கோடு தெரியும். அதைப் பார்த்து எல்லை வந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது கிணற்றின் வயிறு. சோதிப்பது எளிது. ஓட்டத்தைச் சாய்வால் வகுங்கள். 6 அங்குலக் குழாயின் வெட்டுமுகம் ஏறத்தாழ 0.018 சதுர மீற்றர். மணிக்கு 3.6 கன மீற்றரை அதிலிருந்து எடுத்தால் நிமிடத்துக்கு 3 மீற்றருக்கு மேல் மட்டம் விழும். வகுத்து வந்த எண் 0.018 ஐ ஒட்டியிருந்தால் நீங்கள் அளந்தது குழாயைத்தான், பாறையை அல்ல.

நம் மாதிரியான இறுகிய பாறையில் குழாயின் பாதிப்பு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்து எண்களைப் பத்திரமாக எழுதி வையுங்கள், கோடு போட எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அரைமடக்கைத் தாள்

இனி உதாரண எண்கள். கணக்கு தெளிவாக நிற்க வட்டமான எண்களாக வைத்திருக்கிறேன். ஓட்டம் மணிக்கு 3.6 கன மீற்றர். இறக்கம் மீற்றரில்:

1 மணி: 9.0
2 மணி: 10.2
3 மணி: 10.9
4 மணி: 11.45
5 மணி: 11.9
6 மணி: 12.35
8 மணி: 13.15
10 மணி: 13.95
12 மணி: 14.75
24 மணி: 19.55

நேரத்தை மடக்கை (log) அளவிலும் இறக்கத்தைச் சாதாரண அளவிலும் குறியுங்கள். எக்செல்லில் கிடை அச்சை மடக்கைக்கு மாற்றினால் போதும். 1 முதல் 4 மணி வரை புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமரும். அந்தக் கோட்டை நீட்டினால் நேரம் பத்து மடங்காக 4 மீற்றர் இறக்கம் வருகிறது. இதுதான் அரைமடக்கைச் சாய்வு.

பாறையின் கடத்துதிறன் (தண்ணீரைத் தன்னூடாக ஓடவிடும் திறன்) = 0.183 × நாளொன்றின் ஓட்டம் ÷ இந்தச் சாய்வு. நாளொன்றின் ஓட்டம் 86.4 கன மீற்றர். ஆக 0.183 × 86.4 ÷ 4 = ஏறத்தாழ 3.95 சதுர மீற்றர், நாளுக்கு. கூப்பரும் ஜேக்கப்பும் 1946 இல் தைஸின் சமன்பாட்டை எளிமையாக்கித் தந்த வழி இது.

மூன்று மணியில் சோதனையை நிறுத்தியவர் இந்தத் தாளை வைத்து என்ன சொல்வார் என்று பாருங்கள். பம்ப்புக்கு மேலே நமக்குக் கிடைக்கும் உயரம் 30 மீற்றர் என்று வைப்போம். இதே கோட்டை 75 நாளுக்கு, அதாவது 1800 மணிக்கு நீட்டினால் இறக்கம் 22 மீற்றர். "இரவு பகலாக ஓட்டினாலும் இரண்டரை மாதம் தாங்கும்" என்று எழுதிக் கொடுப்பார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் 5 மணியிலிருந்து புள்ளிகள் அந்தக் கோட்டை விட்டு விலகிக் கீழே போகின்றன. 24 ஆம் மணியில் கோடு சொல்வது 14.5 மீற்றர், கிணறு சொல்வது 19.55. அந்த 5 மீற்றர் வித்தியாசத்தில்தான் எங்கள் லயத்துப் பெப்ரவரி ஒளிந்திருந்தது.

ஆறாம் படி: சாதாரணத் தாளில் கடைசிக் கோடு

வடிபரப்புக் கணக்கின் உயிர் இந்தப் படி. அதே எண்களைச் சாதாரண வரைபுத்தாளில் குறியுங்கள். குறிக்கும் முன்பே, மணிக்கு மணி எவ்வளவு இறங்கியது என்று கழித்துப் பாருங்கள்: 1.2, 0.7, 0.55, 0.45, 0.45. அதன் பிறகு மணிக்கு 0.4, 0.4, 0.4. குறைந்துகொண்டே வந்த இறக்கம் ஓர் இடத்தில் குறைவதை நிறுத்திவிட்டது. தொட்டி தெரியத் தொடங்கிய இடம் அது. 6 முதல் 24 மணி வரை ஒரே கோடு, சாய்வு மணிக்கு 0.4 மீற்றர்.

இப்போது ஒரே ஒரு வகுத்தல்:

ஓட்டம் ÷ சாய்வு = 3.6 ÷ 0.4 = 9 சதுர மீற்றர்.

இந்த 9 என்ன? மட்டம் 1 மீற்றர் இறங்கினால் பாறை 9 கன மீற்றர் தண்ணீரைத் தருகிறது என்று பொருள். 9 சதுர மீற்றர் அடித்தளம் கொண்ட ஒரு தொட்டி, ஒரு சின்ன அறை அளவு. மலைக்குள் நம் பங்கு அவ்வளவுதான். கல்லின் தன்மை எதையும் ஊகிக்காமல், வாளியும் நாடாவும் மட்டும் சொன்ன எண் இது. இந்த முழு வழிகாட்டியில் நான் அதிகம் நம்புவதும் இதைத்தான்.

கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பூச்சிய நேரத்தில் 9.95 மீற்றரில் வெட்டும். அதைக் குறித்து வையுங்கள், உருவத்தைப் பார்க்கத் தேவைப்படும். அதே ஓட்டத்தில் நிறுத்தாமல் இறைத்தால் 30 மீற்றரை எப்போது தொடும்? (30 − 9.95) ÷ 0.4 = 50 மணித்தியாலம். மூன்று மணிச் சோதனை 75 நாளுக்கும் தாங்கும் என்றது, இது இரண்டே நாள் என்கிறது.

சோதனை போதிய நேரம் ஓடியதா என்பதையும் சரிபார்க்கலாம். கிணறு வடிபரப்பின் நடுவில் இருந்தால், எல்லை முழுதும் உணரப்படும் நேரம் = 0.1 × 9 ÷ 3.95 = 0.228 நாள், அதாவது ஐந்தரை மணித்தியாலம். தாளில் கோடு நேராகியதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. மூன்று மணித்தியாலம் ஏன் போதவில்லை என்பதற்கும் இதுவே விடை. வடிபரப்பு நீளமான ஒடுக்கமாக இருந்தாலோ, கிணறு ஓர் ஓரத்தில் இருந்தாலோ இந்த நேரம் பல மடங்கு கூடும்.

ஏழாம் படி: கனவளவிலிருந்து பரப்புக்கு

9 என்ற எண்ணைப் பாறையின் தேக்கக் குணகத்தால் (மட்டம் 1 மீற்றர் இறங்கும்போது ஒரு சதுர மீற்றர் பரப்பு எத்தனை கன மீற்றர் தண்ணீர் தரும் என்ற எண்ணால்) வகுத்தால் பரப்பு வரும். அது 0.001 என்றால் 9000 சதுர மீற்றர், 2.2 ஏக்கர். 0.0005 என்றால் 4.4 ஏக்கர். 0.005 என்றால் அரை ஏக்கர்கூட இல்லை. ஒரே கிணற்றிலிருந்து இந்தக் குணகம் நம்பகமாகக் கிடைக்காது. பக்கத்தில் இறைக்காத இன்னொரு கிணற்றின் மட்டத்தையும் அளந்தால்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் பரப்பை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள், "அரை முதல் நாலரை ஏக்கர்" என்று எழுதுங்கள். குடிக்கும் தண்ணீருக்கு 9 போதும். ஏக்கர் எதற்கு வேண்டும் என்றால், அந்தப் பரப்புக்குள் மலசலகூடக் குழியோ மருந்து கலக்கும் இடமோ வரக் கூடாது என்று சொல்வதற்கும், அடுத்த கிணற்றை எங்கே தள்ளித் தோண்டுவது என்று தீர்மானிக்கவும்.

எட்டாம் படி: எண்ணெய்க் கிணற்றில் அதே கணக்கு

2011 இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டபோது, நாடு முழுவதும் "எவ்வளவு இருக்கும்?" என்று பேசியது. எண்ணெய், வாயு உலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளில் ஒன்று இந்தச் சோதனை. கீழே உள்ளது உதாரணக் கிணறு.

ஓட்டம் நாளுக்கு 400 பீப்பாய். எண்ணெய் மேலே வந்ததும் அதற்குள் கரைந்திருந்த வாயு பிரிந்து சுருங்கும், அதற்கான கனவளவுக் காரணி 1.2. பிசுக்குமை, அதாவது எண்ணெயின் ஒட்டும் தன்மை, 0.8 சென்ரிபொய்ஸ். எண்ணெய் தாங்கும் படையின் தடிப்பு 30 அடி, நுண்துளைமை (பாறையில் துளைகள் பிடிக்கும் பங்கு) 18 வீதம். பாறையும் திரவமும் சேர்ந்த மொத்த அமுங்குதன்மை ஒரு பீஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் என்ற அமுக்க அலகு) ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. 72 மணித்தியாலச் சோதனையில் அரைமடக்கைச் சாய்வு 41.6 பீஎஸ்ஐ, கடைசி நேர்கோட்டின் சாய்வு மணிக்கு 0.6 பீஎஸ்ஐ.

ஊடுபுகவிடுதிறன் (பாறை திரவத்தைத் தன்னூடாக விடும் அளவு) = 162.6 × 400 × 1.2 × 0.8 ÷ (41.6 × 30) = 50 மில்லிடார்சி.

நுண்துளைக் கனவளவு = 0.234 × 400 × 1.2 ÷ (0.00001 × 0.6) = ஏறத்தாழ 1 கோடியே 87 இலட்சம் கன அடி. பீப்பாயில் 33 இலட்சம். இதில் ஒரு பங்கு எப்போதும் தண்ணீராக இருக்கும், மீதிதான் எண்ணெய்.

பரப்பு = அந்தக் கனவளவு ÷ (30 × 0.18) = 34 இலட்சத்து 70 ஆயிரம் சதுர அடி. ஏக்கரில் ஏறத்தாழ 80. வட்டமாக எடுத்தால் கிணற்றிலிருந்து எல்லை 1050 அடி. இந்தக் கிணற்றில் எல்லை முழுதும் உணரப்பட 38 மணித்தியாலம் வேண்டும். 24 மணித்தியாலத்தில் அமுக்கக் குறைவு எட்டுவது 940 அடிதான். ஒரு நாளில் நிறுத்தியிருந்தால் எல்லை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போதே திரும்பி வந்திருப்போம்.

நம் 9 சதுர மீற்றர் எங்கே போனது என்று கேட்டால், அது இங்கே அமுங்குதன்மை × கனவளவு என்ற பெருக்கமாக நிற்கிறது: ஒவ்வொரு பீஎஸ்ஐ குறையும்போதும் 33 பீப்பாய். பெயர்தான் வேறு, தொட்டி ஒன்றுதான்.

வாயுக் கிணற்றுக்கு இந்தச் சூத்திரங்களை அப்படியே போட முடியாது. அமுக்கத்தோடு வாயுவின் பிசுக்குமையும் அமுங்குதன்மையும் மாறுவதால், அமுக்கத்துக்குப் பதில் 'போலி அமுக்கம்' என்ற மாற்று எண்ணை வைத்துக் கோடு போடுவார்கள்.

ஒன்பதாம் படி: உருவம்

1965 இல் டீட்ஸ் வெளியிட்ட உருவக் காரணிகள் (வடிபரப்பின் உருவத்துக்கும் அதில் கிணறு இருக்கும் இடத்துக்கும் ஏற்ப ஒவ்வோர் எண்) இங்கே உதவும். கிணறு நடுவில் இருந்தால் வட்டத்துக்கு 31.6, சதுரத்துக்கு 30.9, ஒன்றுக்கு இரண்டு செவ்வகத்துக்கு 21.8, ஒன்றுக்கு நான்கு செவ்வகத்துக்கு 5.4. நம் சோதனையிலிருந்து இந்தக் காரணியைப் பெற: அரைமடக்கைச் சாய்வைச் சாதாரணச் சாய்வால் வகுத்து 5.456 ஆல் பெருக்குங்கள். பிறகு 1 மணி நேரத்து அமுக்கத்துக்கும் கடைசிக் கோட்டின் பூச்சிய நேர வெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரைமடக்கைச் சாய்வால் வகுத்து, வருவதை 10 இன் அடுக்காக எடுத்து, அதனால் வகுங்கள்.

எண்ணெய்க் கிணற்றில் 1 மணியில் 2705 பீஎஸ்ஐ, வெட்டு 2660 என்றால் விடை 31.3. வட்டம் அல்லது சதுரம், கிணறு நடுவில். தண்ணீர்க் கிணற்றில் 9.0 உம் 9.95 உம் வைத்துப் போட்டால் 31.6. இந்த எண் மடக்கையில் தொங்குவதால் சின்ன அளவுத் தவறும் அதைப் பெரிதாக ஆட்டிவிடும். 30 வந்தால் "ஏறத்தாழ நடுவில்", 5 வந்தால் "நீளமானது அல்லது ஓரத்தில்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டமா சதுரமா என்று வாதாடுவது வீண்.

பத்தாம் படி: பம்ப்பை நிறுத்திய பிறகு

இந்தப் படியைப் பலர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே அடியில் உறுதிப்படுத்துவது இதுதான். 24 மணித்தியாலத்தில் 86.4 கன மீற்றர் எடுத்தோம். தொட்டி உண்மையிலேயே 9 சதுர மீற்றர் என்றால், மட்டம் பழைய இடத்துக்குத் திரும்பவே கூடாது. 86.4 ÷ 9 = 9.6 மீற்றர் கீழேயே நிற்க வேண்டும். நிறுத்தியபின் ஒரு நாள் அளந்துகொண்டே இருங்கள். 9.6 ஐ ஒட்டி நின்றால் கணக்கு சரி. முழுவதும் ஏறிவிட்டால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது, அது மூடிய தொட்டி அல்ல. எண்ணெய்க் கிணற்றில் 72 மணித்தியாலத்தில் எடுத்தது 1200 பீப்பாய், நிலத்தடி அளவில் 1200 × 1.2 = 1440 பீப்பாய், ஆகவே சராசரி அமுக்கம் 43 பீஎஸ்ஐ குறைந்திருக்க வேண்டும். 1951 இல் ஹோர்னர் தந்த வரைபும், 1954 இல் மத்தியூஸ், புரொன்ஸ், ஹேஸ்புறோக் தந்த திருத்தமும் அந்தச் சராசரியை, நிறுத்தியபின் அமுக்கம் மீண்டும் ஏறும் மீட்சியிலிருந்து பெறத்தான்.

ஏமாற்றும் இடங்கள்

மட்டம் இறங்கி ஒரேயடியாக நின்றுவிட்டால் மகிழ வேண்டாம். பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியிருக்கலாம். வடிபரப்பு அப்போது கிடைக்காது, தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற செய்தி மட்டும் கிடைக்கும்.

அரைமடக்கைச் சாய்வு திடீரென இரண்டு மடங்கானால் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு இருக்கிறது. முழு எல்லை இன்னும் வரவில்லை, ஓட்டிக்கொண்டே இருங்கள்.

மட்டம் பெரிய வெடிப்புக்குக் கீழே போனதும் இறக்கம் தடாலென்று வேகமாகும். பார்க்க எல்லை போலவே இருக்கும். தோண்டியவரிடம் எந்த ஆழத்தில் தண்ணீர் வெட்டியது என்று கேட்டு எழுதி வைத்தால்தான் இதைப் பிரித்தறியலாம். எங்கள் மலைகளில் நான் கண்ட தவறுகளில் இதுவே அதிகம்.

பக்கத்துக் கிணறும் ஓடினால் நடுவில் உள்ள எல்லை கல்லால் ஆனதல்ல. யார் அதிகம் இறைக்கிறாரோ அவர் பங்கு பெருகும், மற்றவரின் வடிபரப்பு சுருங்கும்.

அறிக்கையில் எழுத வேண்டிய கணக்கு

40 குடும்பம், வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளுக்கு 20 லீற்றர்: 4 கன மீற்றர். தொட்டி நாளுக்கு 4 ÷ 9 = 0.44 மீற்றர் இறங்கும். மழை வராத நாட்களில் எத்தனை நாள் தாங்கும்?

நிமிடத்துக்கு 60 லீற்றர் பம்ப்பால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே ஓட்டி எடுத்தால், ஓடும்போது கிணற்றில் மட்டும் 9.2 மீற்றர் இறக்கம் விழும். மீதி 20.8 மீற்றரை 0.44 ஆல் வகுத்தால் 47 நாள். அதே 4 கன மீற்றரை நிமிடத்துக்கு 20 லீற்றர் சின்னப் பம்ப்பால் மூன்று மணி இருபது நிமிடம் ஓட்டி எடுத்தால், ஓடும்போது விழும் இறக்கம் 3.7 மீற்றர்தான். மீதி 26.3 மீற்றர், 59 நாள். கிணறும் அதே, குடிக்கிற வாய்களும் அதே. பம்ப் சின்னதானதால் 12 நாள் கூடுகிறது.

எங்கள் லயத்தில் பெரிய பம்ப்பைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் போட்டோம். பம்ப் அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகும் முன், பம்ப்பைப் போடாத நேரத்தில், ஒருவர் மட்டத்தை அளந்து அதில் எழுதுகிறார்.